லெவந்தார் என்றால் வந்தார் இல்லை

1

போர்ச்சுகீசிய மொழியை நான் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை. விடுதிச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே காதால் பொறுக்கியதுதான். எந்தச் சொல்லையும் தமிழில் ஏதாவது ஒரு கொக்கியில் மாட்டி வைத்தால்தான் எனக்கு நிற்கும். ‘லெவந்தார்’ அப்படி ஒரு சொல். நமக்குப் பார்சல் வந்திருந்தால் தபால் நிலையம் அனுப்புகிற சீட்டில் இருக்கும். எடுத்துக்கொண்டு போகவும் என்று பொருள். நான் அதற்குள் இருந்த ‘வந்தார்’ஐப் பிடித்துக்கொண்டேன். வந்தார் என்றால் வந்திருக்கிறது, போய் எடு. ஒன்பது வருஷத்தில் அந்தக் கொக்கி ஒருமுறைகூட என்னை ஏமாற்றியதில்லை.

இந்தப் புரட்டாசியில் ஒரு கடிதம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் சங்கரலிங்கம் என்று இருந்தது. அது வெம்பக்கோட்டையில் இருக்கும் என் மாமனாரின் பெயர். அதற்குக் கீழே ‘ரெஸ்துஷ்’ என்றிருந்தது. சமையலறையில் மீந்து போனதை அப்படித்தான் சொல்வோம், மிச்சம் என்று. பக்கத்தில் தெரியாத சொல் ஒன்று. வரியின் கடைசியில் லெவந்தார்.

ஆடி மாதம் மாமா இரண்டு பெட்டி அனுப்பியிருந்தார். ஒன்றில் மிளகாய் வற்றலும் கருவடகமும். அது வந்து சேர்ந்து பாதி தீர்ந்தும் விட்டது. சாத்தூர் காராச்சேவு இருந்த இன்னொரு பெட்டி சுங்கத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. சங்கரலிங்கம் அனுப்பியதன் மிச்சம் வந்திருக்கிறது, போய் எடு. இதற்கு மேல் தெளிவாக ஒருவர் எழுத முடியுமா? படிக்க வேண்டியதைப் படிக்காமல், படிக்க ஆசைப்பட்டதைப் படித்தேன்.

பை ஒன்றைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் லூர்தெஸ் அம்மாள் எனக்கு நல்ல பழக்கம். “காரமாக ஏதோ வந்திருக்கிறது, உனக்கும் தருகிறேன்” என்று கடிதத்தை நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

“இது பார்சல் இல்லை மகளே. இது உன் கணவர்.”

2

என் வீட்டுக்காரர் பெயர் முத்துராஜ். நம்மூரில் எஸ். முத்துராஜ் என்றால் முடிந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், ஆளின் பெயர் அவனுக்கே சொந்தம். இங்கே அது போதாது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று கிடையாது என்றால் நம்பவில்லை. கடைசியில் எஸ்-ஐ விரித்து சங்கரலிங்கம் என்று எழுதினார்கள். எனக்குக் குடும்பப் பெயர் முத்துராஜ். மகள் மதிக்கும் முத்துராஜ். அலுவலகத்தில் இவரைப் பார்த்து, “இவர்கள் இரண்டு பேரும் அக்கா தங்கையா? நீங்கள் யார்?” என்று ஒருவர் கேட்டார். “நான்தான் அந்த முத்துராஜ்” என்று இவர் சொன்னதை அந்த மனுஷன் கடைசி வரை புரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே இருந்தோம்.

இவர் இறந்தபோதும் கல்லில் குடும்பப் பெயரைத்தான் பெரிதாகப் பொறித்தார்கள். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு அவர் கூப்பிட்டார்.

“ஏன் தாயி, என் பேரைப் போட்டுல்ல பொதச்சிருக்கீக?”

“இங்கன வழக்கம் அப்படி மாமா.”

“அப்ப நாந்தான் போயிட்டேன்னு வச்சுக்கிடுவோம். அவன் இருக்கட்டும்.”

அன்று அவர் அழுதார். அதற்கு முன்னும் அவர் அழுது நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இவர் போனது ஒரு ஆகஸ்ட் மாதம். மலைச் சைக்கிள் ஓட்ட வருகிற வெளிநாட்டுக்காரர்களைக் காட்டு வழியாக அழைத்துப் போவதுதான் இவருடைய வேலை. ஊரில் சீசனுக்குப் பட்டாசு லோடு ஏற்றுகிற வேன் ஓட்டியவர், இங்கே வந்து சைக்கிள் கழற்றி மாட்டப் பழகி, பிறகு வழிகாட்டியாகவும் ஆனார். அன்று வெயில் அதிகம், வெளியே போகாதீர்கள் என்று வானொலியில் சொன்னார்கள். “வெம்பக்கோட்டைக்காரன்கிட்ட வந்து வெயிலைப் பத்திப் பேசுதானுவ” என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினோரு மணிக்கு ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். களைத்துத் தூங்குகிறார் என்று கூட வந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று கொஞ்ச நேரம் தங்களுக்குள் கிசுகிசுவென்றே பேசிக்கொண்டிருந்தார்களாம். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

எரிக்கும் இடம் எங்கேயோ தொலைவில் இருந்தது. யாரோ காகிதம் நீட்டினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் அப்போது குடியிருந்த ஊரின் கல்லறைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் தெருமுனையில் போடுகிற வேட்டிலேயே பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே கோடையில் காடு பற்றிக்கொள்ளும் என்று தீக்குச்சி உரசவே தடை. சிவகாசிக்கு லோடு அடித்த மனுஷன் ஒரு ஓலைவெடிச் சத்தம்கூட இல்லாமல் போனார்.

அன்று எனக்கு யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. சொல்லியும் என் காதில் விழாமல் இருந்திருக்கலாம். இங்கே குழி நிரந்தரம் இல்லை. மூன்று வருஷம் கழித்துத் திறப்பார்கள். எலும்பை எடுத்துச் சுவரில் இருக்கும் சிறு அறையில் வைக்கலாம், வேறு எங்காவது கொண்டுபோகவும் செய்யலாம். அதற்கும் அதே சொல்தான், லெவந்தார். பார்சலானாலும் மனுஷனானாலும் எடுப்பது எடுப்பதுதானே.

3

விஷயத்தைக் கேட்டதும் மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“கொண்டாந்திரு தாயி. உங்க அத்தை பக்கத்துல வச்சிருவோம்.”

அத்தை எங்கள் புஞ்சை ஓரத்தில் இருக்கிறார். அடுத்த வாரமே எண்பத்திரண்டு வயசு மனுஷன் ஆள் வைத்து அங்கே சீமைக் கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்து, ஒரு நடை நீளத்துக்கு இடம் ஒதுக்கி, படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். “எம்மவன் வாரான்” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குள்ளும் ஒரு கணக்கு ஓடியது. அவரைக் கொண்டுபோனால் நானும் போய்விடலாம். திரும்பி வருவதற்கு டிக்கெட் போட வேண்டியதில்லை. மதி எவோரா நகரத்தில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், பத்தொன்பது வயசு, அவள் பாடு அவளுக்கு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நம் பக்கம் பெண்கள் சுடுகாட்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். நான் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போகிறேன். அவர் போன பிறகு விடுதி வேலைக்காக வேறு ஊருக்கு மாறிவிட்டேன், கல்லறைக்குப் பதினெட்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூலையில் அவருடைய மலைச் சைக்கிள் நின்றது. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கிற கம்பெனிக்கு நான் ஆறு வருஷம் லேடீஸ் சைக்கிளில் போனவள். எட்டாம் வகுப்போடு நின்ற என் படிப்பை, கழிவுத் தாளில் அச்சாகியிருந்ததையெல்லாம் வாசித்து வாசித்து அங்கேதான் நீட்டிக்கொண்டேன். சைக்கிள்தானே என்று சீட்டை இறக்கி ஏறினேன்.

முதல் சரிவிலேயே தூக்கிப் போட்டது. நம்மூர்ச் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. அதனால் இறக்கத்தில் கை தானாக இடது பக்கத்தை அழுத்தும், பின் சக்கரம் பிடிக்கும். இங்கே அது தலைகீழ். இடது கையை முழுசாக அழுத்தினேன். முன் சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. கயிற்றைத் தாண்டுவது மாதிரி ஹேண்டிலைத் தாண்டிப் போய்ச் சரளைக்கல்லில் விழுந்தேன். முழங்கை முழுக்க ரத்தம். ‘வெயிலைக் கேலி பண்ணினீகளே, இதையாவது சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா’ என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவரைத் திட்டினேன். இன்றைக்கும் ஒவ்வொரு இறக்கத்திலும், வலது வலது என்று வாயால் சொல்லிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

4

திறக்கும் நாள் தீபாவளி கழிந்த இரண்டாம் வாரத்தில் வந்தது. மதி தன் சைக்கிளோடு முந்தின நாளே வந்துவிட்டாள். “கார்ல கொண்டு விட ஒருத்தரைக் கேக்கவா அம்மா?” என்றாள். வேண்டாம் என்றேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

முதல் ஆறு கிலோமீட்டர் வெறும் சமவெளி. அறுப்பு முடிந்த கோதுமைக் காடு. முதல் மழை பெய்து, பழைய தாளுக்கு அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. மல்லாங்கிணறு பக்கம் மானாவாரிக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வெளி அந்நியமாகத் தெரியாது. ஒரே வித்தியாசம், மண் நம் கரிசல் மாதிரிச் சக்கரத்தில் அப்பாது. மதி முன்னால் போனாள். குனிந்த முதுகும், முழங்காலைக் கொஞ்சம் வெளியே விரித்து மிதிக்கிற விதமும் அப்படியே அவள் அப்பா. நான் பார்வையை டயரிலேயே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மேடு. அலை அலையாக, ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம். ஏற்றத்துக்குக் கியரை முன்கூட்டியே இறக்காவிட்டால் செயின் கறகறவென்று கத்தி நின்றுவிடும். இரண்டாவது மேட்டில் நான் இறங்கித் தள்ளினேன். மதி மேலே காத்துக்கொண்டிருந்தாள்.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல, காத்து வாங்குதேன்.”

அவளுக்கு அது வேடிக்கை என்று புரியவில்லை. “காத்தை ஏன் வாங்கணும்?” என்று கேட்டாள். இப்படித்தான் ஆகிவிட்டது. நான் போர்ச்சுகீசியத்தில் தடுக்கி விழுகிறேன், அவள் தமிழில் விழுகிறாள். இரண்டு பேரும் விழுகிற இடம் மட்டும் வேறு வேறு.

மேட்டுக்கு அப்பால் தக்கை மரக் காடு. பாட்டில் மூடுகிற தக்கை இந்த மரத்தின் பட்டைதான். ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை கோடாலியால் கீறி, மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை உரிப்பார்கள். உரித்த இடம் காவி நிறத்தில், தோல் போன முழங்கை மாதிரி இருக்கும். எந்த வருஷம் உரித்தது என்று நினைவு வைக்க அந்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயிண்டில் மரத்தில் எழுதுவார்கள். வந்த புதிதில் இந்த எண்களை நான் தப்பாகப் படித்தேன். நம்மூர் சாலையோரப் புளியமரத்தில் எண் எழுதினால் அடுத்து ரம்பம் வரும் என்று அர்த்தம். “இத்தனை மரத்தையும் வெட்டப் போறாகளா?” என்று கேட்டேன். “இது திரும்ப வாரோம்னு எழுதி வச்சிருக்கிறது” என்றார் இவர்.

காட்டுக்குள் பன்றிகள் மேயும். அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பிக் கதவு இருக்கும். திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும், அதுதான் இந்த வழியின் ஒரே சட்டம். மூன்றாவது கதவில் மதி இறங்கினாள். திறக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“அம்மா, உனக்கு ரிட்டர்ன் டிக்கெட் எப்போ?”

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

“போடலையா?”

“மொதல்ல இன்னைக்குக் காரியம் முடியட்டும்.”

“நீ திரும்ப வரமாட்ட. எனக்குத் தெரியும். தாத்தா போன்ல சொன்னார், அம்மா இனிமே இங்கதான்னு.”

மாமாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. மனுஷன் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். அத்தோடு நிற்காமல், ஆசையில் பேத்தியிடமும் சொல்லியிருக்கிறார்.

“தாத்தாவுக்கு வயசு ஆயிருச்சு மதி. அவருக்கு ஒரே பிள்ளை. கண்ணு முன்னாடி ஒரு தடவையாவது...”

“எனக்கும் ஒரே அப்பா.” அதைத் தமிழில் சொன்னவள், மீதியைப் போர்ச்சுகீசியத்தில் கொட்டினாள். “நான் ரயிலில் வந்து, சைக்கிள் எடுத்து, நீ வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கிறேன். உனக்கு அது தெரியாது. அவரை எடுத்துக்கொண்டு போனால் நான் எங்கே வருவது? விசா எடுத்து, விமானம் ஏறி, எனக்கு ஒரு முகமும் தெரியாத ஊருக்கா? அப்பாவும் போய் நீயும் போனால் இங்கே நான் யார்?”

அவள் வருவது எனக்கு உண்மையிலேயே தெரியாது. கல்லின் மேல் சில வாரம் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் இருக்கும். யாரோ பக்கத்துக் குழிக்காரர்கள் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறேன். மகள் விலகிப் போகிறாள் என்று மூன்று வருஷமாக ஊர்ச் சொந்தங்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். விலகுகிறவள் எந்தப் பக்கம் நின்றாள் என்று அந்தக் கதவருகில்தான் தெரிந்தது.

“கதவைத் திற” என்றேன். திறந்தாள். நான் உருட்டிக்கொண்டு உள்ளே போன பிறகு மூடினாள். மீதி ஐந்து கிலோமீட்டரையும் மிதித்து முடித்தோம்.

5

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டுகிறவர் பெயர் ஜூலியு. அறுபது வயசுக்கு மேல் இருக்கும். எங்களை வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பார்க்க வேண்டாம், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். என் பையில் புது வேட்டி ஒன்று இருந்தது. மாமா அனுப்பியது. அதில் சுற்றித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பால் ஒரு பாட்டிலில் இருந்தது.

மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் மண்வெட்டி. ஆனால் இந்தத் தடவை அது வேறு சத்தம். அள்ளுகிற சத்தம் இல்லை, தள்ளுகிற சத்தம். விவசாயம் பார்த்த வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எழுந்து நின்றேன்.

ஜூலியு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “அய்ந்த நாவ்ங், செஞோரா” என்றார். இன்னும் இல்லை, அம்மா.

எனக்குப் புரியவில்லை. மதிக்குப் புரிந்துவிட்டது. அவள் என் முதுகில் கை வைத்தாள். இங்கே மண் வறண்டது, இறுக்கமானது. சில பேரை அது சீக்கிரம் விடாது, உடம்பு இன்னும் முழுசாகக் கரையவில்லை என்றார் ஜூலியு. அப்படி இருந்தால் தொடக்கூடாது, மறுபடி மூடிவிட வேண்டும், இரண்டு வருஷம் கழித்துத்தான் திறக்கலாம், சட்டம் அப்படி. அவர் அதைச் சொன்ன குரலில், ஏதோ தன் வேலையில் தப்பு நேர்ந்துவிட்டது மாதிரி ஒரு கூச்சம் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையை எழுத வேண்டுமானால், மாமாவின் முகம் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு நிம்மதி வந்தது. வந்ததற்கு என்னை நானே மன்னிக்கவில்லை. மாமா, மதி இரண்டு பேரில் யாருக்குத் துரோகம் செய்வது என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்த காலையில், இவர் தானே முடிவெடுத்துப் படுத்துவிட்டார். மூடிய மண்ணின் மேல் பாலை ஊற்றினேன். மதியும் பாட்டிலைக் கூடப் பிடித்துக்கொண்டாள். வேட்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

“ஊருக்கு டிக்கெட் எதுவும் போடல” என்று அவளிடம் சொன்னேன். “போடவும் மாட்டேன்.” அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமாவுக்குச் சொல்ல வேண்டும். அங்கே சாயங்காலம் நாலு மணி, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மதிதான் அழைத்தாள். திரையில் அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

“என்னலே பேராண்டி, எடுத்தாச்சா?” அவளை ஆண்பிள்ளை மாதிரித்தான் கூப்பிடுவார்.

மதி தமிழில் சொற்களைத் தேடினாள். அவளுக்குக் கிடைத்ததைச் சொன்னாள்.

“தாத்தா, அப்பா இன்னும் ரெடியாகல.”

“என்ன தாயி சொல்லுதா இவ?”

நான் போனை வாங்கிச் சொன்னேன். மண் இன்னும் விடவில்லை, இரண்டு வருஷம் ஆகும் என்று. திரையில் அந்த ஒரு கண் இமைக்காமல் இருந்தது. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“அவன் என்னைக்குச் சொன்ன நேரத்துக்குக் கெளம்பிருக்கான்” என்றார். “நாங்க அம்புட்டுப் பேரும் வண்டியில ஏறி உக்காந்த பெறவுதான் சட்டையத் தேடுவான்.”

“ஆமா மாமா.”

“ரெண்டு வருசம்னா எனக்கு எண்பத்தி நாலு.”

“நீங்க இருப்பீக மாமா.”

“சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?”

“இனிமேத்தான்.”

“அவளைப் பாத்துக்க. நீ அவ கூடவே இரு தாயி.” அவ்வளவுதான் சொன்னார்.

போனை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எங்கேயோ வைத்தார். திரையில் ஓட்டுச் சாய்ப்பும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தப் போனேன், மதி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் யாரோ போகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல், “என்ன பெரியப்பா, மவன் எப்ப வாராராம்?” என்றது.

மாமா தொண்டையைச் செருமினார்.

“லீவு கெடைக்கலையாம்ப்பா” என்றார். “ரெண்டு வருசம் ஆகும்னுட்டான்.”